வலது பக்க டெர்மினல்

இதைப் படித்து முடித்ததும் "நெட்வொர்க் கோளாறு" என்று சொல்லப் போகிறீர்கள். சொல்லுங்கள். நானும் அதைத்தான் எனக்கு நானே பத்து நாள் சொல்லிக்கொண்டேன். கம்ப்யூட்டரை நம்பிச் சோறு தின்கிறவள் நான். பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் "வேற வேலை இல்லையா" என்று எழுந்து போய்விடுவேன். ஆனால் இது எனக்கு நடந்தது. திருவண்ணாமலை வேங்கிக்காலில், எங்கள் வீட்டு மாடி அறையில், போன வருஷம் ஆவணி பௌர்ணமி அன்று. ராத்திரியில் இல்லை. பட்டப்பகலில். 11.42 மணியிலிருந்து 12.34 வரை.

என் பெயர் அபிநயா. வயது இருபத்தேழு. எனக்கு ஒன்பது வயதானபோது அம்மா இறந்துவிட்டார். அப்பா ராஜேந்திரன் அரசு அலுவலகம் ஒன்றில் கண்காணிப்பாளர். அலுவலகம் வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான். இன்னொரு கல்யாணம் பண்ணிக்கொள்ளச் சொல்லி ஊரே நச்சரித்தது. அவர் பண்ணிக்கொள்ளவில்லை. எனக்குச் சடை பின்னக் கற்றுக்கொண்டார். பள்ளிக்கூடம் முடிந்து நான் வெளியே வரும்போது ஸ்கூட்டரோடு நிற்பார், ஒருநாள்கூட லேட்டானதில்லை.

செழியன் என்னோடு இன்ஜினியரிங் படித்தவன். சொந்த ஊர் கீழ்பென்னாத்தூர். அவர்கள் வேறு ஜாதி, நாங்கள் வேறு ஜாதி. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு இஷ்டமில்லை. நாங்கள் காதலித்தோம். "உங்க அப்பாகிட்ட சொல்லு" என்று இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். நான் அடுத்த மாசம், அடுத்த மாசம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். எனக்காகவே வாழ்ந்த மனிதர். அவர் முகம் சுருங்குவதைப் பார்க்கிற தைரியம் எனக்கு இல்லை. அவ்வளவுதான் காரணம்.

இரண்டு பேரும் சென்னையில் இருக்கிற ஒரு சின்ன கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை செய்தோம். அவன் கீழ்பென்னாத்தூரில், நான் வேங்கிக்காலில். பௌர்ணமிக்குக் கிரிவலம் வருகிறவர்கள் லாட்ஜில் ரூம் பிடிப்பதற்கான வெப்சைட் எங்கள் கையில் இருந்தது.

நாங்கள் வேலை செய்யும் விதத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் நடந்தது புரியாது.

கோட் எழுதும் எடிட்டருக்குள்ளேயே கீழே ஒரு கறுப்புப் பெட்டி திறக்கும். அதுதான் டெர்மினல். அதில் கட்டளையைத் தட்டி என்டர் அடித்தால் மெஷின் செய்யும். நிறையப் பேர் இதற்குத் தனியாக இன்னொரு ஜன்னலைத் திறந்து, அங்கும் இங்கும் தாவிக்கொண்டே இருப்பார்கள். செழியனுக்கு அதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். "கண்ணு கோட்ல இருக்கணும், கை கீபோர்டுல இருக்கணும். மௌசத் தொட்டாலே பாதி வேலை கெட்டுச்சு" என்பான். நீளமான கட்டளைகளுக்கெல்லாம் குட்டிப் பெயர் வைத்திருந்தான். 'கிளப்பு' என்று அடித்தால் போதும், வெப்சைட் முழுக்க ஓட ஆரம்பிக்கும். 'நிறுத்து' என்றால் நிற்கும். ஒருமுறை அடித்ததை மறுமுறை அடிக்கவே மாட்டான். மேல் அம்புக்குறியை அழுத்தினால் பழைய கட்டளை வந்துவிடும், பிறகு எதற்கு விரலைத் தேய்ப்பது என்பான். ஒவ்வொரு வரியின் தலையிலும் மணி தெரிகிற மாதிரி வைத்திருந்தான்.

என் எடிட்டரை அவனோடு பகிர்ந்துகொள்வேன். டெர்மினலை நெடுக்காக இரண்டாகப் பிரிப்போம். இடது பக்கம் எனக்கு. வலது பக்கம் அவனுக்கு. அவன் அங்கே தட்டுவது எழுத்து எழுத்தாக என் திரையில் தெரியும்.

அதில்தான் பேசிக்கொள்வோம். போனில் பேசினால் அப்பா காதில் விழும். ஆபீஸ் சாட்டில் எழுதினால் மேனேஜர் படிப்பார். டெர்மினலில் ஒரு வரியின் தொடக்கத்தில் # போட்டுவிட்டால் மெஷின் அந்த வரியைக் கண்டுகொள்ளாது. படிக்கிற ஆள் மட்டும் படிக்கலாம். இங்கிலீஷ் எழுத்தில் தமிழ் அடிப்போம். எங்கள் காதல் முழுக்க # போட்டுத்தான் நடந்தது. சில சமயம் நான் # போட மறந்துவிடுவேன். 'தூக்கம் வருது' என்று அடித்தால், 'தூக்கம்: கமாண்ட் நாட் ஃபவுண்ட்' என்று மெஷின் முறைக்கும். செழியன் அரை மணி நேரம் சிரிப்பான். அவன் மறந்ததே இல்லை. இரண்டு வருஷத்தில் ஒருமுறைகூட.

பௌர்ணமிக்கு முந்தின நாள் சாயங்காலம் 6.40.

# நாளைக்கு உங்க அப்பாவ அவரு ஆபீஸ்ல போய் பாக்கப் போறேன்.

# வேணாம்.

# ரெண்டு வருஷம் ஆச்சு அபி.

# வேணாம்னு சொல்றேன்ல.

# நான் கேக்கறேன். அவரு இல்லன்னு சொன்னா சொல்லட்டும்.

எனக்கு எப்போதும் கோபம் மூக்கின் மேல்தான் உட்கார்ந்திருக்கும். யோசிக்காமல் அடித்தேன்.

# போனா என் மூஞ்சிலயே முழிக்காத.

நான் லேப்டாப்பைப் படாரென்று மூடினேன்.

மறுநாள் காலை. எட்டரை மணிக்கெல்லாம் தெருவில் வெளியூர் வண்டிகள் வர ஆரம்பித்துவிட்டன. சாயங்காலக் கூட்டத்துக்குள் வெப்சைட்டைச் சோதித்து முடிக்க வேண்டும். அப்பா ஒன்பதரைக்கு அலுவலகம் போனார். நான் மாடி அறையில் உட்கார்ந்தேன். வழக்கம்போல டெர்மினலை இரண்டாகப் பிரித்தேன். வலது பக்கம் காலியாக இருந்தது. வராவிட்டால் போ, எனக்கென்ன என்று வேலையைப் பார்த்தேன்.

11.42. வலது பக்கத்தில் எழுத்து வந்தது.

அவன் உள்ளே வந்தால் திரை மூலையில் 'செழியன் சேர்ந்தார்' என்று ஒரு சின்னப் பெட்டி எட்டிப் பார்க்கும். அன்று அது வரவில்லை. நான் கவனித்தேன். ஆனால் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மனசுக்குள் ஒரு சந்தோஷம்தான். வந்துட்டான். வேலைக்கு உட்கார்ந்துட்டான். அப்படியென்றால் அப்பாவைப் பார்க்கப் போகவில்லை.

அவன் வெப்சைட்டை ஓட விடுகிற கட்டளையை அடித்தான். 'கிளப்பு' என்று அடிக்கவில்லை. நீளக் கட்டளையை முழுசாக அடித்தான். ஒவ்வொரு எழுத்தாக. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே மூன்று நொடி, நான்கு நொடி. பாதியில் நின்றான். அழித்தான். மறுபடி முதலிலிருந்து அடித்தான்.

இவனுக்கு இன்னா ஆச்சு என்று நினைத்தேன். வேண்டுமென்றே என் பொறுமையைச் சோதிக்கிறான் என்று நினைத்தேன்.

டிங்.

டெர்மினலில் அழிப்பதற்கு எதுவும் இல்லாதபோது அழிக்கிற பட்டனை அழுத்தினால் அந்தச் சத்தம் வரும். வரி காலியாகத்தான் இருந்தது.

டிங்... டிங்... டிங்.

காலி வரியை அவன் அழித்துக்கொண்டே இருந்தான்.

அப்போதுதான் மணியைப் பார்த்தேன். என் பக்கத்து வரியில் 11.47. அவன் பக்கத்து வரியில் 10.50. காலையிலேயே இந்த வரி திறந்து கிடந்திருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவன் என்டர் அடித்தான். புது வரி வந்தது. புது வரிக்குப் புது மணி வர வேண்டும்.

அதிலும் 10.50.

ஒரே மெஷின். என்னுடைய மெஷின். அதில் எப்படி இரண்டு மணி இருக்கும்? எனக்கு எரிச்சலாக வந்தது. பயமாக இல்லை. இன்னும் இல்லை.

11.53. ஒரு வார்த்தை வந்தது.

சாப்டியா

முன்னால் # போடவில்லை. என்டர் விழுந்தது. மெஷின் உடனே பதில் சொன்னது. 'சாப்டியா: கமாண்ட் நாட் ஃபவுண்ட்.'

அவன் மறந்துவிட்டான். இரண்டு வருஷத்தில் முதல் முறை. வேறு நாளாக இருந்தால் நான் வயிறு வலிக்கச் சிரித்திருப்பேன். அன்று சிரிக்கவில்லை. நேற்றுச் சண்டை போட்டுவிட்டு, இன்று ஒன்றுமே நடக்காத மாதிரி சாப்டியாவா? நான் காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை. அதைச் சொல்வேனா? சொல்லவில்லை.

11.56. சாப்டியா

'கமாண்ட் நாட் ஃபவுண்ட்.'

12.01. சாப்டியா

'கமாண்ட் நாட் ஃபவுண்ட்.'

அவன் மேல் அம்புக்குறியை அழுத்தவில்லை. மூன்று முறையும் புதிதாக, எழுத்து எழுத்தாக அடித்தான். நான் என் பக்கத்தில் ஒரே ஒரு வரி அடித்தேன்.

# வேலையப் பாரு.

அதுதான் நான் அவனோடு பேசிய கடைசி வார்த்தை.

12.03. கர்சர் கொஞ்ச நேரம் மினுக்கியது. பிறகு வலது பக்கம் அமைதியாகிவிட்டது. பத்து நிமிஷம். இருபது நிமிஷம். ஒரு எழுத்து இல்லை. கோபித்துக்கொண்டு எழுந்து போய்விட்டான் என்று நினைத்தேன். கூப்பிடலாமா என்று போனைக் கையில் எடுத்தேன். அவனே கூப்பிடட்டும் என்று கீழே வைத்தேன்.

12.28. கரண்ட் போனது.

மின்விசிறி மெதுவாக நின்றது. தெருவில் ஒரு சத்தமும் இல்லை. பௌர்ணமி அன்று எங்கள் தெருவில் அப்படி ஒரு நிசப்தத்தை நான் கேட்டதே இல்லை. நல்ல உச்சி வெயில். ஜன்னல் கம்பிகளின் நிழல்கூடத் தரையில் இல்லை. லேப்டாப் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது.

12.32. வலது பக்கம் மறுபடி அசைந்தது.

இந்த முறை வேகமாக அடித்தான். தடுமாறவில்லை. பழைய செழியன் மாதிரி. சந்தோஷமாக இருக்கும்போது அவன் அடிக்கிற வேகம் அது.

அபி உங்க அப்பா

என்டர்.

'அபி: கமாண்ட் நாட் ஃபவுண்ட்.'

உடனே மறுபடி.

உங்க அப்பா

'உங்க: கமாண்ட் நாட் ஃபவுண்ட்.'

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. மறுபடி ஆரம்பிக்கிறான். வேண்டாம் என்று சொன்ன பிறகும்...

அப்பா ச

அவ்வளவுதான் வந்தது. அதற்கு மேல் நான் விடவில்லை.

டெர்மினலுக்கு மேலே ஒரு சின்னக் குப்பைத்தொட்டி படம் இருக்கும். அதை அழுத்தினால் அந்தப் பக்கம் செத்துவிடும். நான் மௌசை எடுத்தேன். அழுத்தினேன்.

வலது பக்கம் மறைந்தது.

12.34.

பயத்தில் செய்தேன் என்று சொன்னால் பொய். கோபத்தில் செய்தேன். பயம் பிறகுதான் வந்தது.

மௌசை வைத்துவிட்டு நிமிர்ந்தேன். எதிரே சுவரில் வைஃபை ரௌட்டர். அதில் ஒரு விளக்கும் எரியவில்லை.

எரியாது. கரண்ட் இல்லையே.

12.28க்கே நெட் செத்துவிட்டது.

அப்படியென்றால்...

12.32க்கு அடித்தது யார்?

யார் யார் சேர்ந்திருக்கிறார்கள் என்ற பட்டியலைத் திறந்தேன்.

ஒரே ஒரு பெயர்.

என் பெயர்.

மேல் அம்புக்குறியை அழுத்தினேன். நான் அடித்ததெல்லாம் ஒவ்வொன்றாக வந்தது. '# வேலையப் பாரு' வந்தது. அவன் அடித்தது எதுவும் இல்லை. ஒரு எழுத்துகூட இல்லை.

12.41க்கு அவனுக்குப் போன் போட்டேன். சுவிட்ச் ஆஃப். 12.43. சுவிட்ச் ஆஃப். அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

1.48க்குப் போன் வந்தது. கவிநிலா. செழியனின் தங்கை. எங்கள் விஷயம் தெரிந்த ஒரே ஆள்.

"அக்கா..."

"சொல்லு கவி."

"அண்ணன் போயிட்டாருக்கா."

"எங்க போயிட்டான்?"

அந்தப் பக்கம் அழுகைதான் கேட்டது. எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது.

"இல்ல கவி. இப்பதான் என்கூட வேலை செஞ்சிட்டு இருந்தான். டெர்மினல்ல இருந்தான்."

"அக்கா, காலைல பத்து அம்பதுக்கா. வண்டில திருவண்ணாமலைக்கு வந்துட்டு இருந்தாரு. எதுக்கால ஒரு வேன்... அங்கயே போயிட்டாராம். போன் நொறுங்கிப்போச்சு, அதான் எங்களுக்கே லேட்டாதான் தெரிஞ்சது."

"லேப்டாப்... லேப்டாப் எங்க இருக்கு?"

"வீட்லதான்க்கா. காலைல மூடி வெச்சிட்டு குளிக்கப் போனாரு. நாந்தான் எடுத்து பீரோமேல வெச்சேன். அதுமேலயே துணி கெடக்குது."

அப்பாவுக்குப் போன் செய்து, தோழிக்கு உடம்பு சரியில்லை, வெளியே போகிறேன் என்றேன். அப்போதும் பொய்தான். அரசு மருத்துவமனைக்குப் போனேன். முகத்தைக் காட்டவில்லை. தலையோடு சேர்த்து வெள்ளைத்துணியால் சுற்றியிருந்தார்கள். "பாக்காதீங்கக்கா, தாங்க மாட்டீங்க" என்றாள் கவிநிலா. கையை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தேன். அந்த விரல்கள் அப்படிச் சும்மா கிடந்து நான் பார்த்ததே இல்லை. அவன் அம்மா என்னை யாரென்று கேட்கவில்லை. என் தோளில் தலையை வைத்து அழுதார். நான் யார் என்று அவருக்கு அப்போதே தெரிந்திருக்கும்.

வீட்டுக்கு வரும்போது மணி 7.20. தெரு முழுக்கக் கிரிவலத்துக்குப் போகிற கூட்டம். அதற்குள் புகுந்து எப்படி வந்தேன் என்று தெரியவில்லை. அப்பா கூடத்தில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் சிரித்தார். அப்படி வாய் நிறையச் சிரித்து நான் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது.

"வா, உக்காரு. உன் ஃப்ரெண்டுக்கு எப்படி இருக்கு?"

நான் செருப்பைக் கழற்றினேன்.

"ஒரு பையன் வந்தாம்மா என் ஆபீசுக்கு."

நான் அவர் பக்கம் திரும்பினேன்.

"செழியன்னு சொன்னான். கீழ்பென்னாத்தூராம். உன்கூட வேலை செய்றானாமே? நேரா வந்து நின்னு, உங்க பொண்ண எனக்குக் குடுங்க சார்னு கேட்டுட்டான். சுத்தி வளைக்கல. எனக்கு அது புடிச்சிருந்துது."

"எத்தனை மணிக்குப்பா?"

"பன்னெண்டு அஞ்சு இருக்கும். சாப்பாட்டுக்கு எழுந்துக்கலாம்னு கடிகாரத்தப் பாத்தேன். நிமிந்தா எதுக்கால நிக்கிறான். கதவு தொறந்த சத்தம்கூட கேக்கல. அரை மணி நேரத்துக்கு ஒரு அஞ்சு நிமிஷம் கம்மி, அவ்ளோ நேரம் பேசினோம். உக்காருப்பான்னேன், உக்காரல. தண்ணி குடுத்தேன், வேணாம்னுட்டான். ஒண்ணுதான் எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு. தலைலேர்ந்து ஹெல்மெட்ட கழட்டவே இல்ல. கழட்டுப்பான்னு சொன்னேன். இல்ல சார், மூஞ்சி காட்டக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்கன்னான். யாரு சொன்னாங்களோ. நான் கண்ண மட்டுந்தான் பாத்தேன். நல்ல கண்ணு."

நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

"நீங்க... என்னாப்பா சொன்னீங்க?"

"சரின்னுட்டேன். ஜாதி வேறன்னு அவனே சொன்னான். இருக்கட்டும், அதனால என்னன்னேன். ஊர்ல நாலு பேர் பேசுவாங்க, ரெண்டு மாசம் பேசிட்டு வேற வேலைக்குப் போயிடுவாங்க. உடனே உங்கிட்ட சொல்லணும்னு அவனுக்கு அவ்ளோ அவசரம். நாளைக்கு அவங்க வீட்டுக்கு நாம போலாம்மா. பூ, பழமெல்லாம் சொல்லி வெச்சிட்டேன்."

எப்படிச் சொன்னேன், எந்த வார்த்தையில் சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை. பத்து ஐம்பது என்று சொன்னேன். மருத்துவமனையிலிருந்து வருகிறேன் என்று சொன்னேன். அப்பா முதலில் நம்பவில்லை. எழுந்து நின்றார். "நான் அவன்கிட்ட பேசினேனே" என்றார். திரும்பத் திரும்ப அதையே சொன்னார். பிறகு கவிநிலாவிடம் அவரே போனில் பேசினார். போனை வைத்துவிட்டு ரொம்ப நேரம் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை பூவும் பழமும் வீட்டுக்கு வந்துவிட்டன. பழத்தை அப்பா கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்தார். பூவை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் கீழ்பென்னாத்தூருக்குப் போனோம். மாலையை அப்பாதான் போட்டார்.

பிறகு ஒருநாள் அப்பாவின் அலுவலகத்தில் இருந்தவர்களை விசாரித்தேன். அந்த நேரத்தில் ஹெல்மெட் போட்ட யாரும் உள்ளே போனதைப் பார்த்ததாக ஒருவரும் சொல்லவில்லை. பக்கத்து மேஜைக்காரர் மட்டும், சார் அன்று தனியாக யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார், போனில் பேசுகிறார் என்று நினைத்தேன் என்றார். அப்பா அன்று போனைச் சார்ஜ் போட்டு வீட்டிலேயே மறந்துவிட்டுப் போயிருந்தார். மருத்துவமனைக்குப் போகும் முன் நான்கூட அலுவலக எண்ணுக்குத்தான் போன் செய்தேன்.

மாலை போட்ட அன்று, அடக்கம் முடிந்து பஸ்ஸில் திரும்பி வந்தோம். அந்த வேன் மோதிய இடத்தைப் பஸ் தாண்டும்போது அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். ரொம்ப மெதுவாகக் கேட்டார்.

"ஏம்மா... நீயே எங்கிட்ட கேட்டிருக்கலாமே. உனக்கு நான் எப்பம்மா இல்லன்னு சொல்லியிருக்கேன்?"